ஊருக்கு லாபம் என்றால் சேரிக்கு என்ன? அரசுக் கணக்குகளின் இருநூறு ஆண்டு வரலாறு

திருச்சியிலிருந்து கரூர், ஈரோடு போகும் ரயில் ஜீயபுரத்தைத் தாண்டித்தான் போகிறது. அந்தப் பாதை 1860களில் போடப்பட்டது. ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும். அந்த ரயிலால் ஊருக்கு என்ன லாபம் என்று அன்றைய அதிகாரி ஒருவர் கணக்குப் போட்டிருந்தால் எப்படிப் போட்டிருப்பார்? நெல் எவ்வளவு ஏறியது, தோல் எவ்வளவு போனது, விலை எவ்வளவு உயர்ந்தது, வரி எவ்வளவு வசூலானது என்று எழுதியிருப்பார். கடைசியில் "ஊர் முன்னேறியிருக்கிறது" என்று முடித்திருப்பார்.

நம் கேள்வி அந்த "ஊர்" என்ற சொல்லில்தான் இருக்கிறது. தமிழில் ஊர் வேறு, சேரி வேறு. ஊருக்கு லாபம் என்று எழுதப்பட்ட வரியில் சேரி அடங்குமா?

இந்தக் கேள்வியை ஏன் இப்போது எழுப்ப வேண்டும்? ஒரு சட்டம் வந்தால், ஒரு வரி மாறினால், ஒரு வெளிநாட்டு ஒப்பந்தம் போட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று தரவுகளை வைத்து மதிப்பிடுவது இன்று அரசில் ஒரு தனி வேலை. "தாக்க மதிப்பீடு" என்கிறார்கள். நம் பிள்ளைகளில் பொருளியலும் புள்ளியியலும் படிப்பவர்கள் பெருகி வருகிறார்கள். ஆனாலும் நம் இயக்கங்களின் பேச்சில் இந்த வேலைக்கு இடமில்லை. போராட்டம் தெருவில் நடக்கிறது, கணக்கு யாரோ போடுகிறார்கள் என்றே இருந்துவிட்டோம். வரலாற்றைப் பார்த்தால், நம்மைப் பற்றிய பல முடிவுகள் தெருவுக்கு வருவதற்கு முன்பே அட்டவணையில் எடுக்கப்பட்டிருக்கின்றன.

1819: அடிமைமுறையை ஒழித்தால் வரி என்னாகும்?

1819ல் சென்னை வருவாய் வாரியம் மாவட்டக் கலெக்டர்களிடம் அடிமைமுறை பற்றி அறிக்கை கேட்டது. அப்போது திருச்சி கலெக்டர் சி.எம். லஷிங்டன். காவிரிக் கரையின் நஞ்சை நிலங்களில் உழுதவர்கள், அரசு ஆவணங்களில் பள்ளர் என்று எழுதப்பட்ட, இன்று தேவேந்திரகுல வேளாளர் என்று அழைக்கப்படும் மக்கள். நிலத்தோடு கட்டப்பட்டிருந்த அவர்கள் விற்கப்பட்டார்கள், அடமானமும் வைக்கப்பட்டார்கள். மிராசுதார்களில் பலர் பிராமணர்கள். சாதி வழக்கப்படி அவர்கள் ஏர் பிடிக்கமாட்டார்கள். ஆகவே இந்த முறையை எடுத்துவிட்டால் நஞ்சை சாகுபடியே பாதிக்கும், அரசுக்கு வரவேண்டிய வரியும் பாதிக்கும் என்ற வாதம் கலெக்டரிடமிருந்து மேலே போனது.

இன்றைய சொல்லில் சொன்னால் இது ஒரு ஒழுங்குமுறைத் தாக்க மதிப்பீடு. ஒரு தடை வந்தால் என்ன விளையும் என்று கேட்டார்கள், தரவு சேகரித்தார்கள், பதில் எழுதினார்கள். தரவு பொய் என்று சொல்ல முடியாது. மிராசுதார் உழமாட்டார் என்பது உண்மை. நிலம் தரிசானால் வரி குறையும் என்பதும் உண்மை. தவறு கேள்வியிலேயே இருந்தது. "தாக்கம் எதன் மீது?" என்பதற்கு ஒரே விடைதான் இருந்தது: வரியின் மீது. உழுதவருடைய வாழ்க்கையின் மீது என்ன தாக்கம் என்பதற்கு அந்த அட்டவணையில் கட்டமே இல்லை. அவர் அதில் உற்பத்திச் செலவாக வந்தார். பாதிக்கப்படும் மனிதராக வரவில்லை.

அடிமை உரிமையைச் சட்டம் இனி அங்கீகரிக்காது என்று சொல்ல 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வரவேண்டியிருந்தது. கேள்வி கேட்டு 24 ஆண்டுகள் கழித்து.

1877: ஒரு ராத்தல் தானியம்

எல்லாக் கணக்கும் நமக்கு எதிரானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்த மக்களுக்கு எவ்வளவு கூலி போதும் என்ற விவாதம் எழுந்தது. பஞ்சம் பார்க்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், செலவைக் குறைக்க ஆள் ஒருவருக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்றார். அதை எதிர்த்தவர் சென்னை மாகாண சுகாதார ஆணையர் டபிள்யூ.ஆர். கார்னிஷ். 1871ல் இந்த மாகாணத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவரும் அவர்தான்.

இந்த உணவில் உடலுழைப்பு செய்பவர் மெலிந்து சாவார் என்று கார்னிஷ் உடல் நிலை, உணவு அளவு பற்றிய விவரங்களோடு வாதாடினார். சில மாதங்களில் அந்தக் குறைகூலி கைவிடப்பட்டது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன. ஆனாலும் கார்னிஷ் அட்டவணையில் ஒரு புதிய கட்டத்தைச் சேர்த்தார் என்பதை மறக்கக் கூடாது. "அரசுக்கு எவ்வளவு மிச்சம்" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "உடம்புக்கு எவ்வளவு தேவை" என்ற கட்டம். ஒரு கட்டம் கூடினால் முடிவு மாறும்.

1891-93: ஒரே மாகாணம், இரண்டு அறிக்கைகள்

அடுத்து வரும் மூன்று ஆண்டுகளை மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரே மாகாணத்தில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், இரண்டு அதிகாரிகள் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டார்கள்.

ஒருவர் ஜே.எச்.ஏ. திரெமென்ஹீர். செங்கல்பட்டின் பொறுப்புக் கலெக்டர். 1891 அக்டோபரில் அவர் எழுதிய குறிப்பு, செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றியது. நம் இயக்கத்தில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை. ஆனால் அவரை "நல்ல வெள்ளைக்காரர்" என்று நினைவுகூர்வதோடு நிறுத்திவிடுகிறோம். அவர் என்ன வேலை செய்தார் என்று பார்ப்போம். தரிசு நிலத்துக்கு விண்ணப்பிக்கும் தர்காஸ்து விதிகள் எல்லாருக்கும் பொதுவானவை போலத் தெரிந்தன. சேரிக்காரர் விண்ணப்பித்தால் முன்னுரிமை மிராசுதாருக்குப் போனது. சேரி இருந்த மனையும் பல இடங்களில் மிராசுதாருடையது. வாய் திறந்தால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். ஆக, ஒரு விதி எழுத்தில் என்ன சொல்கிறது என்பதோடு அவர் நிற்கவில்லை. அது சேரி வாசலில் என்ன செய்கிறது என்று பார்த்தார். நிலம் கொடுங்கள், அதைப் பிற சாதியாருக்கு விற்க முடியாதபடி கொடுங்கள், குடியிருப்பு மனை கொடுங்கள், பள்ளிக்கூடம் கொடுங்கள் என்று எழுதினார்.

வருவாய் வாரியம் அவர் சொன்னதில் பலவற்றை ஏற்கவில்லை. இருந்தும் 1892 செப்டம்பர் 30 அன்று 1010, 1010ஏ என்ற அரசாணைகள் வந்தன. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றுவரை மீட்கப் போராடுவதன் வேர் அங்கே இருக்கிறது. இரண்டு செங்கல்பட்டுத் தோழர்கள், ஜான் தாமஸும் ஏழுமலையும், 1994ல் அந்த நிலத்துக்காகத்தான் உயிரைக் கொடுத்தார்கள்.

இன்னொருவர் எஸ். சீனிவாச ராகவையங்கார். சென்னை மாகாணப் பத்திரப் பதிவுத் துறையின் தலைவர். பிரிட்டிஷ் ஆட்சியில் அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் மாகாணம் முன்னேறியதா என்று ஆராயும் வேலை அவரிடம் தரப்பட்டது. அவருடைய பெரிய அறிக்கை 1893ல் வெளியானது. விலைவாசி, கூலி, ஏற்றுமதி இறக்குமதி, வரி, நிலப்பதிவு, கடல் கடந்த குடிபெயர்வு எல்லாம் அதில் உண்டு. அந்தக் காலத்தில் ஓர் இந்திய அதிகாரி செய்த மிகப் பெரிய தரவுப் பகுப்பாய்வுகளில் ஒன்று அது. அதன் தீர்ப்பு: மாகாணம் முன்னேறியிருக்கிறது.

அவர் பொய் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அந்த முன்னேற்றம் எந்த வழியாக வந்தது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். ரயத்துவாரி முறையில் நிலவரி முப்பது ஆண்டுகளுக்கு ரொக்கமாக நிர்ணயிக்கப்பட்டது. ரயிலும் ஏற்றுமதியும் வந்து நெல் விலை ஏறியபோது வரி ஏறவில்லை. நடுவில் மிஞ்சிய பணம் பட்டாதாருக்கு. பண்ணையாளுக்கோ கூலி களத்தில் மரக்காலால் அளக்கப்பட்டது. நெல்லாக வாங்கியதால் விலையேற்றத்தில் அவர் வயிறு காயவில்லை என்று வாதிடலாம். அது சரிதான். ஆனால் நெல் விலை இரண்டு மடங்கானால் மரக்கால் இரண்டு மடங்காகுமா? ஏற்றுமதியால் வந்த லாபத்தில் ஒரு படிகூட அவர் பக்கம் வர வழியில்லை. மாகாணத்தின் சராசரி ஏறியது. சராசரிக்குள் ஒளிந்துகொண்டு ஏறியவர் ஒருவர், நின்ற இடத்திலேயே நின்றவர் இன்னொருவர்.

திரெமென்ஹீர் சாதியைக் கட்டமாக வைத்தார். ராகவையங்கார் மாகாணத்தைக் கட்டமாக வைத்தார். இருவர் கையிலும் அரசுத் தரவு. முடிவுகள் வேறு.

1893: நாற்காலியில் யார்?

அறிக்கை வெளியான அதே 1893ல் இன்னொன்றும் நடந்தது. ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. அதை எதிர்த்து இரட்டைமலை சீனிவாசன் தலைமையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு இங்கிலாந்துக்குப் போனது. தேசிய வரலாறு எழுதியவர்கள் இதை வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்த வேலை என்று சொல்லிக் கடந்துவிட்டார்கள்.

மனுவில் கையெழுத்திட்டவர்களின் பக்கம் நின்று பாருங்கள். இந்தியாவில் தேர்வு நடந்தால் எழுதித் தேறப் போவது யார் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நாற்காலியில் உட்காருபவர்தான் நாளைக்குத் தர்காஸ்து மனுவைப் படிப்பார். அவர்தான் சேரி பற்றிய அறிக்கையை எழுதுவார். அட்டவணையில் எந்தக் கட்டம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவரும் அவரே. சாதி மாறாமல் ஆள் மட்டும் மாறினால் கணக்கு எப்படி இருக்கும் என்று அந்த மூவாயிரம் பேரும் முன்கூட்டியே மதிப்பிட்டார்கள். அதுவும் ஒரு தாக்க மதிப்பீடுதான். நம் பாட்டன்மார் போட்டது.

பரோடா: கோப்பை எறிந்த அலுவலகம்

சீனிவாச ராகவையங்கார் பிறகு 1896ல் பரோடா சமஸ்தானத்தின் திவானானார். அதே பரோடாவுக்கு 1917ல் வேலைக்குப் போனவர் அம்பேத்கர்.

அம்பேத்கர் அப்போது கொலம்பியாவில் பொருளியல் படித்து முடித்தவர். அங்கே அவர் எழுதிய ஆய்வுகளில் ஒன்று பண்டைய இந்திய வணிகம் பற்றியது, இன்னொன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றியது. வணிகத்தையும் அரசுக் கொள்கையையும் தரவோடு படித்த, அன்றைய இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களில் ஒருவர். அவரை அலுவலகத்தில் எப்படி நடத்தினார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதை. சிப்பந்திகள் கோப்புகளைத் தூர இருந்து எறிந்தார்கள். அவர் நடக்கும் வழியில் விரிப்பைச் சுருட்டினார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்த கூட்டம் விரட்டியது. சில நாட்களில் பரோடாவை விட்டு வெளியேறினார்.

இந்தச் சம்பவத்தை நாம் அவமானத்தின் கதையாக மட்டும் சொல்லி வருகிறோம். இழப்பு யாருக்கு என்றும் கேட்க வேண்டும். இந்த நாட்டின் பொருளாதாரத்தைக் கீழிருந்து பார்க்கத் தெரிந்த ஒரு நிபுணரை ஓர் அரசு அலுவலகம் ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்காமல் விரட்டியது.

அவர் விடவில்லை. 1923ல் "ரூபாயின் பிரச்சினை" வெளியானது. 1925ல் இந்திய நாணயம் பற்றிய ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியம் சொன்னார். அன்றைய சண்டை, ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் நான்கு பென்சா, ஆறு பென்சா என்பது. ரூபாயின் மதிப்பு குறைந்தால் ஏற்றுமதி பெருகும், நாட்டுக்கு நல்லது என்று வணிகர்கள் சொன்னார்கள். அம்பேத்கர் கேட்டது எளிய கேள்வி: நாட்டில் யாருக்கு? ரூபாயின் மதிப்பு விழுந்தால் உள்நாட்டில் விலை ஏறும். விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறாது. ஆகவே ஏற்றுமதியாளரின் லாபம் வானத்திலிருந்து விழவில்லை, கூலிக்காரரின் பையிலிருந்து போகிறது. அது நாட்டின் லாபமல்ல, ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்துக்குப் போன பணம்.

1893 அறிக்கையின் சராசரிக்குள் என்ன ஒளிந்திருந்ததோ, அதை முப்பது ஆண்டுகள் கழித்து வெளியே இழுத்துப் போட்டது இந்த வாதம். பிறகு 1942 முதல் 1946 வரை வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. 1944ல் ரேகே தலைமையில் தொழிலாளர் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு தொழில்வாரியாக வெளியிட்ட அறிக்கைகளில் தோல் பதனிடும் தொழிலாளர்களின் நிலை பற்றியும் ஒன்று உண்டு. தோல் ஏற்றுமதி எவ்வளவு என்று ஆண்டுதோறும் எழுதிவந்த அரசு, தோலைக் கையால் தொடுபவரின் கூலியையும் வேலையிடத்தையும் எழுதத் தொடங்கியது.

மாடு உள்ளவர், கை மட்டும் உள்ளவர்

மறுபடியும் காவிரிக் கரைக்கு வருவோம். 1958ல் சென்னை மாநில சட்டமன்றம் திருச்சி மாவட்டத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது: திருச்சிராப்பள்ளி கையேருவாரம், மாட்டுவாரம் சட்டம். பெயரே பாடம் நடத்துகிறது. நிலம் மிராசுதாருடையது. உழைப்போடு மாட்டையும் கொண்டுவருபவரின் பங்கு மாட்டுவாரம். கையுழைப்பை நம்பி வாரத்துக்கு உழுபவரின் பங்கு கையேருவாரம். விளைச்சலில் நியாயமான பங்கு இவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். 1819ல் "செலவு" என்று எழுதப்பட்டவர் 1958ல் "உரிமை உள்ளவர்" என்று எழுதப்பட்டார். இது சின்ன மாற்றமில்லை.

ஆனாலும் வாரம் என்ற கட்டத்துக்குள் வராத தினக்கூலிகள் அந்தச் சட்டத்தின் கணக்கில் வரவில்லை. ஜீயபுரம், அந்தநல்லூர் பக்கம் இன்று வாழைத்தோட்டங்களில் இலை அறுப்பவர்கள், தார் வெட்டிச் சுமப்பவர்கள் பலரும் அந்தக் கட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள். பக்கத்திலேயே தாயனூரில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வாழை ஏற்றுமதி பெருக வேண்டும் என்று எல்லாரும் பேசுகிறோம். பெருகட்டும். ஏக்கருக்கு எவ்வளவு லாபம் என்று கணக்குப் போடும்போது, தார் சுமக்கும் தோளுக்கு எவ்வளவு என்ற கட்டமும் இருக்கட்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

இன்று

2017 மே மாதம் ஒன்றிய அரசு கால்நடைச் சந்தை விதிகளைக் கொண்டுவந்தது. இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்கத் தடை. மணப்பாறை போன்ற மாட்டுச் சந்தைகள் உள்ள மாவட்டம் நம்முடையது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சில நாட்களிலேயே தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. அன்றைய விவாதத்தில் இறைச்சி, தோல் ஏற்றுமதியின் கோடிகள் நிறையப் பேசப்பட்டன. கிழட்டு மாட்டை விற்க முடியாத சிறு விவசாயி, தோல் உரிப்பவர், செருப்பு தைப்பவர், பறை கட்டுபவர், மாட்டுக்கறியை மலிவான சத்துணவாக நம்பிய குடும்பம் ஆகியோர் கோடிகளுக்கு அடியில் அமுங்கிப்போனார்கள்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோதும் அதேதான் நடந்தது. திருப்பூருக்கு எவ்வளவு நட்டம், ஆம்பூருக்கு எவ்வளவு நட்டம் என்று டாலரில் படித்தோம். ஊரின் பெயர் வந்தது. அந்தத் தொழிற்சாலைகளில் முதலில் வேலையிழப்பது எந்தத் தெருவின் பெண்கள் என்பது வரவில்லை. தொழிலாளர் கணக்கெடுப்புகளில் சமூகப் பிரிவுவாரியான விவரம் இருக்கிறது. அதை வணிகப் புள்ளிவிவரத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கும் ஆள்தான் குறைவு.

நாம் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. முதலாவது, 2014ல் ஒன்றிய அரசு ஏற்றுக்கொண்ட சட்டத்துக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை. அதன்படி சட்ட வரைவை முப்பது நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பாதிக்கப்படும் மக்களின் அடிப்படை உரிமை, வாழ்வாதாரம் ஆகியவற்றின் மீதான தாக்கத்தையும் அதோடு சொல்ல வேண்டும். பல நேரம் இது பின்பற்றப்படுவதில்லை. பின்பற்றப்படவில்லை என்று எழுதிக் கேட்க நமக்குத் தடையில்லை. ஒவ்வொரு வரைவுக்கும் நம் மாவட்டத்திலிருந்து ஒரு பக்கமாவது பதில் போகட்டும். அதில் கோஷத்தைவிட நாம் வீடு வீடாக எடுத்த கணக்கு இருக்கட்டும்.

இரண்டாவது, வரவிருக்கும் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிவாரி விவரமும் சேர்க்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. எண்ணிக்கை வந்தால் இடஒதுக்கீடு என்று மட்டும் யோசிக்காதீர்கள். நிலம், தொழில், கூலி, கடன் எல்லாவற்றோடும் அந்த எண்ணைப் பொருத்திப் பார்க்கும் உரிமையைக் கேளுங்கள்.

மூன்றாவது, நாற்காலி. இந்தியப் பொருளாதாரப் பணியும் இந்தியப் புள்ளியியல் பணியும் 1961 முதல் இருக்கின்றன. மாநிலத்தில் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை இருக்கிறது, அதற்குத் தேர்வாணையத் தேர்வு இருக்கிறது, நமக்கான இடங்களும் இருக்கின்றன. குரூப் தேர்வு என்றதும் வருவாய்த்துறை, காவல்துறை என்று மட்டும் பார்க்கும் பழக்கம் மாறட்டும். கணிதம் நமக்கு வராது என்று எவராவது சொன்னால், களத்தில் மரக்காலைத் தலைதட்டி அளந்து ஏமாற்றியவனின் கணக்கை மனதிலேயே போட்டு வைத்திருந்த நம் பாட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆள் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. அலுவலகம் அவரையும் தன் பக்கம் இழுக்கும், இன்றும் ஏதோ ஒரு வடிவில் விரிப்பைச் சுருட்டும். வெளியே இயக்கம் வலுவாக இருந்தால்தான் உள்ளே அவரால் ஒரு புதிய கட்டம் போட முடியும். உள்ளே அவர் இருந்தால்தான் வெளியே நாம் எழுப்பும் கேள்வி கோப்பில் ஏறும். "இந்த நடவடிக்கையால் ஊருக்கு லாபம்" என்று யார் எழுதிக் கொண்டுவந்தாலும், "சேரிக்கு?" என்று பக்கத்தில் பென்சிலால் எழுதத் தெரிந்த ஓர் ஆள் ஒவ்வொரு துறையிலும் வேண்டும்.

ஜெய் பீம்.